கொன்ஃபலோனியெரியும் மணிக்கொடியும்

குடும்பப் பெயர் இல்லாத சமூகத்துக்குச் சரித்திரப் பிரக்ஞை இருக்க முடியாது என்று ஒரு வாதம் நம் வட்டத்தில் கொஞ்ச காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுத்தில் அரைகுறையாகவும் பேச்சில் முழு வேகத்துடனும் வருகிறது. ஐரோப்பியனுக்கு அவன் பெயரின் பின்பாதியே ஓர் ஆவணம், முப்பாட்டன் செய்த தொழில், பிடித்த பதவி, போரிட்ட இடம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது, தமிழனுக்கு இருப்பதோ ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்தான், ஆகவே தாத்தாவுக்கு அப்பால் அவனுக்கு ஞாபகம் கிடையாது - வாதத்தின் சாரம் இவ்வளவுதான். ஞாபகம் இல்லாத இடத்தில் நாவல் எப்படி வரும் என்பது இதிலிருந்து அவர்கள் தாவிப் பிடிக்கும் முடிவு.

இதற்கு உதாரணமாக நண்பர் ஒருவர் கொடுத்தது கொன்ஃபலோனியெரி என்ற இத்தாலியக் குடும்பப் பெயர். கொன்ஃபலோனே என்பது குறுக்குக் கழியிலிருந்து தொங்கவிடப்படும் பெரிய கொடி. நகரத்தின் கொடி, ஆயரின் கொடி, சர்ச்சின் கொடி என்று மத்திய கால இத்தாலியில் பல கொடிகள் இருந்தன. அதைத் தாங்குகிறவன் கொன்ஃபலோனியெரே. சில ஊர்களில் அந்தப் பதவி குடும்பச் சொத்தாகியது. பதவி போன பிறகும் பெயர் தங்கிவிட்டது. இன்று மிலானில் கடை வைத்திருப்பவரும் கார் ஓட்டுபவரும் இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு போகிறார்கள். அவர்கள் தோளில் இன்னும் அந்தக் கொடி இருக்கிறது என்று நண்பர் பரவசப்படுகிறார்.

கொடி அங்கே இல்லை என்பது என் கட்சி. அது என்றைக்குக் குடும்பப் பெயராக மாறியதோ அன்றைக்கே கொடியாக இருப்பதை நிறுத்திவிட்டது. இதை நிரூபிக்க இத்தாலியை விட்டு வெளியே போக வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் போய்த்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இந்த நோய் நம்மிடமும் இருக்கிறது. நாம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

1

முதலில் அந்தச் சொல்லையே பார்க்கலாம். கொன்ஃபலோனே இத்தாலிய மண்ணில் முளைத்த சொல் அல்ல. 'போர்த்துணி' என்று பொருள்படும் ஒரு ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. கொடியைக் குறிக்கும் இன்னொரு இத்தாலியச் சொல்லான பந்தியேராவுக்கும் ஜெர்மானிய வேர்தான். அதுவும் குடும்பப் பெயராக வழங்குகிறது. ஆக, நம் நண்பர் தொல்குடி ஞாபகமாகக் கொண்டாடும் பெயர், படையெடுத்து வந்தவனின் அகராதியிலிருந்து எடுத்தது. ஞாபகம் எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும், எந்த இடத்தில் வசதியாக நின்றுவிட வேண்டும் என்பதைப் பெயரை வைத்திருப்பவன்தான் தீர்மானிக்கிறான்.

கொன்ஃபலோனியெரிகளில் சரித்திரம் நினைவில் வைத்திருப்பவர் ஃபெதெரிகோ கொன்ஃபலோனியெரி (1785 - 1846). மிலானின் பிரபு. ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிரான சதியில் 1821இல் கைதானார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகி, ஸ்பீல்பெர்க் கோட்டைச் சிறையில் வருஷக்கணக்கில் கிடந்தார். 1836இல் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கைதாவதற்கு முன்னால் அவர் செய்த காரியங்கள் மூன்று: நீராவிப் படகு, எரிவாயு விளக்கு, பரஸ்பரப் போதனைப் பள்ளிக்கூடம். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பள்ளி முறையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ பெல். அவர் அதை வளர்த்தெடுத்தது சென்னை எழும்பூரில் இருந்த அனாதை விடுதியில். பார்த்துக் கற்றது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில். அந்த அனுபவத்தை 1797இல் புத்தகமாகப் போட்டார். நம் சட்டாம்பிள்ளை லண்டன் வழியாக மிலான் போய்ச் சேர்ந்த கதை இது. ஒரு கொன்ஃபலோனியெரிக்கும் தமிழனுக்கும் சரித்திரபூர்வமாக ஒரு சம்பந்தம் உண்டென்றால் அது அவர் செய்த காரியத்தில்தான் இருக்கிறது. அவர் பெயரை எத்தனை ஆழம் தோண்டினாலும் இது கிடைக்காது.

பந்தியேரா இன்னும் தெளிவான கேஸ். பாரதி மாஜினியின் பிரதிக்கினையைத் தமிழில் பாடியவர் என்பதால் மாஜினியை நமக்குத் தெரியும். அந்த மாஜினியோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த சகோதரர்கள் அத்திலியோ பந்தியேரா, எமிலியோ பந்தியேரா. வெனிஸில் பிறந்தவர்கள், ஆஸ்திரியக் கடற்படையில் அதிகாரிகள். 1844இல் கடற்படையை விட்டு ஓடி, கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு, இத்தாலியின் தெற்குக் கோடியில் கலாப்ரியாவில் போய் இறங்கினார்கள். (நம் கவிஞர் பெயர் போல ஒலிக்கிறது. ஒலி ஒற்றுமையை வைத்துச் சரித்திரம் எழுதுகிறவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.) கூட வந்தவர்களில் ஒருவன் காட்டிக்கொடுத்தான். ஜூலை 25 அன்று கொசென்ஸாவுக்கு அருகே ஏழு தோழர்களோடு இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். கொடி என்ற பெயருள்ளவர்கள் கொடிக்காகச் செத்தார்கள், பெயருக்கும் விதிக்கும் பொருத்தம் இருக்கிறதே என்று தோன்றலாம்.

இவர்களுடைய தகப்பனார் ஃப்ரான்செஸ்கோ பந்தியேரா, ஆஸ்திரியக் கடற்படையில் அட்மிரல். 1831 கிளர்ச்சி தோற்றபோது ஆங்கோனாவிலிருந்து கப்பலில் தப்பிய இத்தாலியக் கலகக்காரர்களை நடுக்கடலில் மறித்துப் பிடித்தவர் அவர்தான். அவர் பெயரும் கொடி, பிள்ளைகள் பெயரும் கொடி. அவர் பிடித்தது ஹாப்ஸ்பர்க் கொடி, பிள்ளைகள் பிடித்தது மூவர்ணம். ஒரே குடும்பப் பெயர், பதின்மூன்று வருஷ இடைவெளியில், ஒன்றையொன்று சுடுகிற இரண்டு கொடிகளைத் தாங்கியிருக்கிறது. இந்தப் பெயர் எதன் ஆவணம்? அதை வைத்துக்கொண்டு அப்பனையும் பிள்ளையையும்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது. முடியாதது மட்டுமல்ல, அவர்களுக்கு இடையில் நடந்த சரித்திரத்தையே அது மூடி மறைக்கிறது. 'பந்தியேரா குடும்பம்' என்று சொன்ன மாத்திரத்தில் அந்தப் பிளவு காணாமல் போய்விடுகிறது.

2

கொடியைக் குடும்பத்திடம் கொடுத்த ஊர்களைப் பற்றியே நண்பர் பேசுகிறார். கொடுக்க மறுத்த ஊர் ஃப்ளாரன்ஸ். அங்கே 1293இல் 'நீதியின் கொடி' என்று ஒன்றை ஏற்படுத்தி, அதைத் தாங்குகிறவனைக் குடியரசின் தலைவனாக ஆக்கினார்கள். பதவிக்காலம் இரண்டு மாதம். தகுதியுள்ளவர்களின் பெயர்களைப் பைக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். இரண்டு மாதம் முடிந்தால் கொடியைக் கீழே வைத்துவிட்டு அவரவர் கம்பளிக் கடைக்கும் வட்டிக் கடைக்கும் திரும்ப வேண்டியதுதான். இதில் நடந்த தில்லுமுல்லுகள் ஏராளம், பணக்காரர்களின் பெயர்களே பையில் இருந்தன என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் கொடி ஒரு வீட்டுக்குச் சொந்தமாகிவிடக் கூடாது என்ற பயமாவது சட்டத்தில் இருந்தது. 1502இல் ஒருவரை ஆயுள் காலத்துக்குக் கொடி தாங்குபவராக ஆக்கிப் பார்த்தார்கள். பத்து வருஷத்தில் அவரும் போனார், குடியரசும் கவிழ்ந்தது. மீண்டும் வந்த குடியரசும் நிலைக்கவில்லை. 1532இல் மெதிச்சிக் குடும்பம் டியூக்காக அமர்ந்தபோது பதவியையே ஒழித்துவிட்டார்கள். குடும்பம் வந்த இடத்தில் கொடிக்கு வேலை இல்லை.

அந்தப் பதவியில் இருந்தவர்களில் எனக்கு முக்கியமானவர் மிகேலே தி லாந்தோ. 1378 ஜூலையில் கம்பளித் தொழிலாளர்கள் - ச்சோம்பிகள் என்பார்கள் - எந்த சங்கத்திலும் சேர உரிமை இல்லாமல் கிடந்தவர்கள், அரண்மனைக்குள் புகுந்தார்கள். முன்னால் போன கம்பளி சிக்கெடுக்கும் தொழிலாளியின் கையில் நீதியின் கொடி இருந்தது. அவன் காலில் செருப்பில்லை என்று மாக்கியவெல்லி எழுதுகிறார். கூட்டம் அவனையே கொன்ஃபலோனியெரே என்று அறிவித்தது.

அவன் பெயரைக் கவனிக்க வேண்டும். 'தி லாந்தோ' குடும்பப் பெயர் அல்ல. லாந்தோவின் மகன் என்று அர்த்தம். நம் முறையில் எழுதினால் லா. மிகேலே. எந்த எழுத்தையும் புள்ளியையும் ஞாபகமின்மைக்கு அடையாளம் என்கிறார்களோ, அந்த எழுத்தோடும் புள்ளியோடும்தான் அவன் ஃப்ளாரன்ஸின் சரித்திரத்துக்குள் நுழைந்தான். அறுநூறு வருஷம் கழித்தும் அவன் ஞாபகத்தில் இருக்கிறான். ஆகஸ்டு கடைசியில் அதே மிகேலே தன் பழைய தோழர்களைத் தெருவில் அடித்து நொறுக்கினான் என்பதும் ஞாபகத்தில் இருக்கிறது. கொடி அவனைப் புனிதனாக்கவில்லை. ஜூலையில் அதை எப்படிப் பிடித்தான், ஆகஸ்டில் எப்படிப் பிடித்தான் என்று தனித்தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பெயர் குடும்பத்துடையதாக இல்லாததால்தான் இப்படிக் கேட்க முடிகிறது.

3

தமிழில் கொடியால் பெயர் பெறுவது புதிய சங்கதி இல்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டு நான்கு தெய்வங்களை அவர்களுடைய கொடியை வைத்தே அடையாளம் காட்டுகிறது - ஏறு, பனை, புள், மயில். முருகனுக்கு அங்கே மயில் கொடி. பிறகு சேவல் வந்து அதுவே நிலைத்தது. தெய்வத்தின் கொடியே மாறக்கூடியதாக இருந்திருக்கிறது. துரியோதனன் அரவக்கொடியோன். மீன் பாண்டியனுக்கும் கொடி, மன்மதனுக்கும் கொடி, இருவரும் உறவு என்று யாரும் சொன்னதில்லை. இவையெல்லாம் அடைமொழிகள். ஒருவனுக்கு, அவன் செயலுக்கு, அவன் நின்ற நிலைக்குக் கொடுத்தவை.

அரசர்களைக்கூட நம் ஆட்கள் செத்த இடத்தையும் ஜெயித்த களத்தையும் வைத்துத்தான் வேறுபடுத்தினார்கள். குளமுற்றத்துத் துஞ்சியவன், தலையாலங்கானத்துச் செரு வென்றவன். குடிப்பெயர் இருந்தது, அது போதாது என்று தெரிந்திருந்தது. புலவர்களின் விஷயம் இதைவிடச் சிறப்பு. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் - இவர்களுடைய அப்பன் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. எழுதிய வரியிலிருந்து ஒரு படிமத்தை எடுத்து அதையே பெயராக வைத்துவிட்டார்கள். ஒரு கவிஞனுக்கு இதைவிடக் கறாரான பெயர் எந்தப் பாஷையில் இருக்கிறது? நாவலுக்கு ஞாபகம் போதாது என்று அழும் நண்பர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

நம் காலத்துக்கு வந்தால் திருப்பூர் குமரன். சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் 1904இல் பிறந்தவர். காந்தி கைதானதைக் கண்டித்து 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் போன ஊர்வலத்தில் தடை செய்யப்பட்ட கொடியோடு நடந்தார். தடியடியில் மண்டை உடைந்து விழுந்தபோதும் கொடியை விடவில்லை. மறுநாள் இறந்தார். வயது இருபத்தேழு. ஊர் அவருக்குக் 'கொடி காத்த குமரன்' என்று பெயர் வைத்தது. கொன்ஃபலோனியெரி என்ற சொல்லுக்கு ஏறக்குறைய அதேதான் அர்த்தம். ஒரே வித்தியாசம், இது அவரோடு நின்றுவிட்டது. 'கொடிகாத்தான்' என்று ஒரு பரம்பரை கிளம்பவில்லை. அந்தப் பெயருக்கு இன்றும் கூர்மை இருப்பதற்கு இதுவே காரணம். மிலானில் அந்தப் பெயரைக் கேட்டவனுக்குக் கடைக்காரர் ஞாபகம் வருகிறது. இங்கே இந்தப் பெயரைக் கேட்ட குழந்தைக்கு உடைந்த மண்டை ஞாபகம் வருகிறது.

குமரன் எந்த ஜாதி என்று ஆராய்ந்து, அவரைத் தங்கள் வகையில் சேர்த்துச் சுவரொட்டி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். குடும்பப் பெயர் வேண்டும் என்று கேட்கும் நம் நண்பர்களுக்கு இவர்களைப் பிடிக்காது. ஆனால் இரண்டு பேரும் கேட்பது ஒன்றையே. இந்த நாட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தை நிரப்பக் காத்திருப்பது ஜாதிப் பட்டம். அதை அந்த இடத்திலிருந்து கிளப்புவதற்கு ஒரு தலைமுறை பாடுபட்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டது. பெயருக்குப் பின்னால் இருந்த வாலை வெட்டியபோது மிஞ்சியது அந்த ஓர் எழுத்தும் புள்ளியும். அதை வறுமை என்கிறார்கள். காலி செய்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

அந்த எழுத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அது அப்பனின் எழுத்து, அம்மாவுக்கு அதில் இடமில்லை. இந்தக் குறையைச் சரிசெய்ய அம்மாவின் எழுத்தைச் சேர்த்தால் போதும். கோத்திரத்தைக் கூப்பிட வேண்டியதில்லை.

பெயரைத் தோண்டிச் சரித்திரம் எடுக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கொடிக்கால்' என்று அடைமொழி உள்ளவர்கள் தென்மாவட்டங்களில் உண்டு. இத்தாலியப் பாணியில் இதைத் துலக்கினால் கொடிக்கம்பம், படை, அரசாணை என்று அருமையான ஒரு சரித்திரம் தயாராகிவிடும். ஆனால் கொடிக்கால் என்பது வெற்றிலைத் தோட்டம். நான் இருக்கும் ஊர் ஸ்ரீமதுரை, ஆறேழு மைலில் கூடலூர். மதுரைக்கே கூடல் என்று பெயர் உண்டு. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டால் பாண்டியனின் மீன்கொடியை முதுமலை ஓரத்தில் நட்டுவிடலாம். நட்டுக் காட்டக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஒரு வம்சத்தின் வரிசையைக் கொடிவழி என்கிறோம். அந்தக் கொடி படர்வது, கம்பத்தில் பறப்பதல்ல. இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது பாஷையின் தற்செயல். அதை வைத்து வாதம் கட்டுபவன் அகராதியைச் சரித்திரமாக எடுத்துக்கொள்கிறான்.

4

இந்தப் பக்கத்தில் குடும்பப் பெயர் என்ன வேலை செய்தது என்பதை அகராதி இல்லாமலே சொல்லலாம். கூடலூர் வட்டாரத்தின் பெரும் பகுதி நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்மம். நிலத்துக்கு உரிமை அந்தக் குடும்பப் பெயரில் இருந்தது. அதில் காலம் காலமாக இருந்தவர்கள் பணியரும் காட்டுநாயக்கரும் மவுண்டாடன் செட்டிகளும். கம்பெனித் தோட்டங்கள் கோவிலகத்திடம் குத்தகை வாங்கித் தேயிலை போட்டன. 1969இல் கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு வழக்குமேல் வழக்கு. இன்றைக்கும் 'செக்‌ஷன் 17 நிலம்' என்ற வார்த்தை இந்த ஊர் டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். பட்டா இல்லாத நிலம் என்று அதற்கு அர்த்தம். அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையையே கேள்விக்குள்ளாக்கி, 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன வழக்கு இந்தச் சட்டத்திலிருந்து கிளம்பியதுதான். சட்டம் படிக்கிறவர்கள் அதைக் கோயெல்ஹோ வழக்கு என்பார்கள். கோயெல்ஹோ போர்த்துகீசியக் குடும்பப் பெயர். முயல் என்று அர்த்தம். இந்தத் தகவலால் வழக்கைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்துவிடுவதில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது: குடும்பப் பெயர் உள்ளவர்கள் வழக்கின் பெயராக இருக்கிறார்கள், ஒற்றைப் பெயர்க்காரர்கள் வழக்கு முடியும்வரை நிலத்தில் காத்திருக்கிறார்கள்.

1988 டிசம்பரில் கூடலூரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். முன்னால் நடந்தவர் யார், என்ன பெயர் என்று நம் இலக்கியத்தில் பதிவில்லை. குடும்பப் பெயர் இல்லாததால் அந்த ஞாபகம் போகவில்லை, யாரும் எழுதாததால் போனது. இந்த வித்தியாசத்தைத்தான் நண்பர்கள் மறைக்கிறார்கள்.

நான் வங்கியில் குமாஸ்தா. கணக்குத் தொடங்கும்போது கம்ப்யூட்டரில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் வருகிறது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. மலையாளிக்கு வீட்டுப் பெயர் இருக்கிறது, தட்டிவிடலாம். பணியப் பெண்ணுக்கு ஒரே பெயர். 1964 ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியமர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு, கப்பலேறியபோது தாத்தாவின் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் விழுந்ததோ அது ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்து மேலே போகிறோம். பெயரையே இரண்டு தடவை அடிப்பதும் உண்டு. அதன் பிறகு நூறுநாள் வேலைச் சம்பளம் எந்தப் பெயருக்கு வருகிறது என்பதில் சிக்கல். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரனுக்கு 'முதற்பெயர் தெரியாது' என்று முத்திரை விழுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை விடமாட்டோம் என்று அறிவித்தது. பிறகு அப்பா பெயர் உள்ளே இருந்தால் போதும் என்று இறங்கிவந்தது.

கட்டம் இருக்கிறதே, ஆகவே பெயர் வைத்துக்கொள் என்பது அதிகாரியின் தர்க்கம். அவருக்கு வேலை நடக்க வேண்டும். அதே தர்க்கத்தை ஓர் இலக்கியவாதி சரித்திரப் பிரக்ஞை என்று பெயர் மாற்றிச் சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. பெயர் இல்லாததனால் ஞாபகம் இல்லை என்று யாரைப் பார்த்துச் சொல்கிறோம்? எந்தத் தோட்டத்தில் எந்தத் துரை காலத்தில் எந்த மரம் வெட்டினார்கள் என்று அந்தப் பணியக் கிழவி சொல்லும்போது, எழுதிக்கொள்ள நாம் போனதில்லை.

5

இனி நம் வீட்டுக் காரியம். தமிழில் கொன்ஃபலோனியெரிக்கு நிகரான குடும்பப் பெயர் இல்லை என்றேன். ஒன்று உண்டு. அதை வைத்திருப்பது நாம்தான்.

பாரதியின் கொடிப்பாட்டில் வரும் ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்துக்கொண்டு 1933 செப்டம்பரில் ஒரு வாரப் பத்திரிகை வந்தது. கே. ஸ்ரீநிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் ஆரம்பித்தார்கள். பிறகு பி.எஸ். ராமையா கையில் சிறுகதைப் பத்திரிகை ஆயிற்று. முப்பதுகளோடு முடிந்துபோனது. மணிக்கொடி அப்போது கொடியாகவே இருந்தது. பணமில்லாமல், இடைவெளி விட்டு, கை மாறி, யார் கையில் இருந்ததோ அவர் பலத்தில் பறந்தது. அதில் எழுதியவர்கள் ஒரு குடும்பம் இல்லை. விருத்தாசலம் புதுமைப்பித்தன் என்ற பெயரில் எழுதினார், மணி மௌனி என்ற பெயரில் எழுதினார். வீட்டுப் பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள். புதுமைப்பித்தன் வாக்கியத்துக்கும் மௌனி வாக்கியத்துக்கும் ஒரே அப்பனைக் கண்டுபிடிக்க எந்த விமர்சகனாலும் முடியாது.

பத்திரிகை நின்ற பிறகுதான் அது குடும்பப் பெயராயிற்று. 'மணிக்கொடி எழுத்தாளர்', 'மணிக்கொடி மரபு', 'மணிக்கொடிப் பரம்பரை'. பந்தியேரா என்ற பெயர் அட்மிரலையும் அவர் பிள்ளைகளையும் ஒன்றாக்கி மூடியதுபோல, இந்தப் பெயர் அந்த எழுத்தாளர்களுக்கு இடையில் இருந்த சண்டையை மூடியது. 1959இல் செல்லப்பா எழுத்து ஆரம்பித்தபோது அதையும் வாரிசு என்றோம். 1970இல் கசடதபற வந்தபோது அதற்கும் தத்து எடுத்தோம். இன்று ஒரு தொகுப்பின் முன்னுரையை எடுத்தால் பாரதி, மணிக்கொடி, எழுத்து, கசடதபற என்று கொடிவழி ஒப்பிக்கப்படுகிறது. திதி கொடுக்கும்போது மூன்று தலைமுறையைச் சொல்வதுபோலத்தான் இதுவும். கடைசியில் தொகுப்பாளரின் சிநேகிதர்கள் வந்து சேருகிறார்கள்.

இதில் வராதவர்களுக்கு என்ன நடக்கிறது? நீலகிரியின் படகர் வாழ்க்கையை வைத்து ராஜம் கிருஷ்ணன் 1963இல் குறிஞ்சித்தேன் எழுதினார். அந்த நாவல் நல்லதா மோசமா என்று நம் பத்திரிகைகளில் ஒரு முழுக் கட்டுரையை நான் பார்த்ததில்லை. அதில் பலவீனங்கள் இருக்கின்றன, தகவல் கதையை அமுக்கும் இடங்கள் இருக்கின்றன. படித்து, காரணம் சொல்லித் தள்ளினால் அது விமர்சனம். அவர் 'நம் வழி' இல்லை என்று திறக்காமலே வைத்தது ஜாதி பார்ப்பது. டாக்டர் டேனியல் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969இல் வந்தது. அது எரியும் பனிக்காடு என்று தமிழில் வந்து வாசகர்கள் படித்த பிறகும் நம் வட்டத்தின் கேள்வி, இது இலக்கியமா ஆவணமா என்பதுதான். பெயரையே ஆவணம் என்று கொண்டாடுகிறவர்களுக்கு நாவல் ஆவணமாக இருந்தால் கசக்கிறது.

இங்கே கூடலூரில் எழுதத் தொடங்கியிருக்கும் ஓரிரு பையன்கள் என்னிடம் கவிதையைக் காட்டுகிறார்கள். நம் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியவனுக்கு வந்த பதிலில், யாரைப் படித்திருக்கிறாய், யாருடைய பாதிப்பு என்ற கேள்விதான் முதலில் இருந்தது. கவிதையைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்டம் காலியாக இருந்ததால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. வங்கியில் எனக்கு ஒரு புள்ளி வைத்துத் தாண்டும் சலுகையாவது இருக்கிறது.

மரபே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாராவது எழுதுவார்கள், தெரியும். புதுமைப்பித்தனை ஒவ்வொருவரும் படிக்க வேண்டும், திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். ஆனால் அவரைப் படித்தவன் அவர் வாரிசாகிவிடுவதில்லை. அவர் எழுதியதற்கு அவருக்குக் கிடைத்த மதிப்பு நமக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டிய ஆஸ்தி இல்லை. குமரன் பிடித்த கொடிக்குக் குமரனின் பக்கத்து வீட்டுக்காரன் மரியாதை கேட்க முடியாதது போல.

நம் சிறுபத்திரிகைகள் பலவும் அட்டையில் 'இரு மாத இதழ்' என்று போட்டுக்கொள்கின்றன. சொன்னபடி வருவதில்லை என்பது வேறு. ஃப்ளாரன்ஸ்காரன் கொடிக்குக் கொடுத்த காலமும் அதே இரண்டு மாதம்தான். அந்த விதியை நாம் ஏற்றுக்கொள்ளலாம். ஓர் இதழில் ஒருவன் எழுதியது நின்றால் அந்த இதழுக்குக் கொடி அவன் கையில். அடுத்த இதழில் அவனும் மற்றவர்களோடு வரிசையில் நிற்கட்டும். ஆசிரியருக்கும் இது பொருந்தும், விமர்சகருக்கும் பொருந்தும். மதிப்புரை எழுதுகிறவர்கள் முதல் பத்தியில் வம்சம் சொல்வதை நிறுத்திவிட்டு, புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கட்டும். கூடலூர்ப் பையனின் கவிதை மோசம் என்றால் எந்த வரியில் மோசம் என்று எழுதி அனுப்புங்கள். அவன் எதிர்பார்ப்பது அதைத்தான்.